பேகனைத் தட்டிக்கேட்ட நாலு பேர்

குழுவாகப் போய்ச் சாகசம் செய்யும் ரோல்-ப்ளேயிங் கேம்களை ஆடுகிறவர்கள் நடுவே ஒரு பஞ்சாயத்து ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. நாயகனோடு கூட வரும் துணைப் பாத்திரங்கள் பழைய விளையாட்டுகளில் நன்றாக இருந்தார்களா, புதியவற்றிலா? பழசின் பக்கம் நிற்பவர்கள், "இப்போ வர்றவங்க வாய் ஓயாம பேசுறாங்க, எல்லாருக்கும் நாயகன்மேல காதல் வந்துடுது" என்பார்கள். புதுசின் பக்கம் நிற்பவர்கள், "அப்போ இருந்தது துணையா? ஒரு பேரும் நாலு எண்ணும்தானே" என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் அளப்பது ஒன்றைத்தான்: துணைக்கு எவ்வளவு கதை, எவ்வளவு வசனம்.

நான் வேறு அளவுகோலை வைத்துப் பார்க்கிறேன். அந்தத் துணை நாயகனைப் பார்த்து "முடியாது" என்று சொல்லுமா? சொன்னால் அதற்கு ஏதாவது மதிப்பு இருக்குமா? இந்த அளவுகோல் எனக்குக் கிடைத்தது புறநானூற்றில், பழனிமலைத் தலைவன் ஒருவனைப் பற்றிய ஐந்து பாட்டுகளில். அவற்றுக்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன். முதலில் விளையாட்டுகளின் வரலாறு. (கதைகளின் முடிவைத் தொடாமல் இதை எழுத முடியாது. இனிமேல்தான் ஆடப்போகிறேன் என்பவர்கள் கவனமாக வாருங்கள்.)

மேஜையிலிருந்து டிஸ்கெட்டுக்கு

இந்த வகைக்கு மூலம் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் கொண்டுவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கணினி கிடையாது. ஒரு மேஜை, காகிதம், பகடை, நாலைந்து நண்பர்கள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். இங்கே துணை என்றால் பக்கத்து நாற்காலியில் இருக்கிற ஆள். "அந்தக் குகைக்குள்ள நான் வரல" என்று அவர் சொன்னால் சொன்னதுதான். சமாதானப்படுத்தியாக வேண்டும், இல்லையென்றால் அவரை விட்டுவிட்டுப் போக வேண்டும். உயிருள்ள மனிதர் என்பதால் 'முடியாது' என்பதை யாரும் தனியாக வடிவமைக்க வேண்டியிருக்கவில்லை.

கணினிக்கு மாறியதும் முதலில் தொலைந்தது அதுதான். 1981இல் ஆப்பிள் டூ கணினிக்கு வந்த விஸார்ட்ரி, ஆறு பேர் கொண்ட குழுவை ஒரே ஆளின் கையில் கொடுத்தது. ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் எழுதியது. பெயர் நீங்கள் வைப்பது, இனமும் தொழிலும் நீங்கள் தேர்வது. அந்த ஆறு பேரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். 48 கிலோபைட் நினைவகத்தில் பாதாளத்தையும் பூதங்களையும் மந்திரங்களையும் அடைத்த பிறகு பேச்சுக்கு ஏது இடம்?

ஆனால் அவர்களுக்குச் சாவு இருந்தது. உள்ளே ஒருவன் செத்தால் உடலைக் கோயிலுக்குத் தூக்கிவர வேண்டும். உயிர்ப்பிக்கும் சடங்கு தோற்றால் உடல் சாம்பலாகும். சாம்பலிலிருந்து எழுப்புவதும் தோற்றால் அவ்வளவுதான், ஆள் நிரந்தரமாகப் போய்விட்டான். மொத்தக் குழுவும் உள்ளே மாண்டால், புதிதாக இன்னொரு குழுவைத் திரட்டி அனுப்பி அந்த உடல்களை மீட்க வேண்டும். குழுவில் ஒருவனுக்கு உங்கள் பள்ளித் தோழன் பெயரை வைத்திருந்தீர்கள் என்றால் அந்தச் சாம்பல் சும்மா விடாது. கதை ஒரு வரி இல்லாமலேயே அங்கே ஒரு பாசம் உண்டாயிற்று. அதை உண்டாக்கியது ஆடுகிறவரின் கற்பனை.

1985இல் ரிச்சர்ட் கேரியட்டின் அல்டிமா 4 வேறு பக்கம் போனது. எட்டு அறங்கள், எட்டுத் தொழில்கள், அவற்றுக்கு எட்டு ஊர்கள். நீங்கள் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டால் மற்ற ஏழு தொழில்காரர்களும் ஒவ்வொரு ஊரில் துணையாகக் கிடைப்பார்கள். இரக்கத்துக்கு இயோலோ என்ற பாணன், மானத்துக்கு டூப்ரே, பணிவுக்கு ஆடு மேய்க்கும் கேட்ரினா. பெயரும் ஊரும் குணமும் வந்துவிட்டன. ஆனால் குழுவில் சேர்ந்தபின் அவர்களும் ஊமைகள்தான்.

முதல் 'முடியாது'

1988இல் வந்த வேஸ்ட்லேண்டில் ஒரு வினோதம் நடந்தது. இன்டர்ப்ளே நிறுவனத்தின் விளையாட்டு. அணுப்போருக்குப் பிந்தைய பாலைவனம், நாலு ரேஞ்சர்கள் உங்கள் ஆட்கள். வழியில் இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படி வழியில் சேர்ந்தவர்கள் எப்போதும் சொன்ன பேச்சு கேட்கமாட்டார்கள். "உன்கிட்ட இருக்கிற துப்பாக்கியை இவனுக்குக் கொடு" என்றால், தரமாட்டேன் என்று மறுத்துவிடுவார்கள். சண்டையில் தன் இஷ்டத்துக்குச் சுடுவார்கள். டிஸ்க்கில் இடம் போதாமல் கதைப் பத்திகளைத் தனிப் புத்தகமாக அச்சிட்டு, 'இத்தனையாவது பத்தியைப் படிக்கவும்' என்று திரையில் சொன்ன விளையாட்டு அது. வசனத்துக்கு இடமில்லாத அந்த நிலையிலும் 'தரமாட்டேன்' என்பதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

1992இல் அல்டிமா 7. இப்போது இயோலோவும் டூப்ரேவும் பேசுகிறார்கள். பசிக்கிறது என்று நச்சரிக்கிறார்கள். நாயகன் ஊரார் பொருளைத் திருடினால் கண்டிக்கிறார்கள். திருட்டு தொடர்ந்தால் குழுவை விட்டே போய்விடுகிறார்கள். நாயகன் 'அவதார்', அறத்தின் உருவம் என்று பெயரெடுத்தவன். அவன் அடுத்தவன் வீட்டில் கை வைக்கும்போது கேட்க ஒரு ஆள் வேண்டுமே.

1997இல் ஃபால்அவுட்டில் அதே சுதந்திரம் வேறு விதமாக விளைந்தது. அங்கே துணைகளுக்குச் சண்டையில் நேரடியாகக் கட்டளையிட முடியாது. இயன் என்ற துணை குறுக்கே நிற்கும் நாயகன் முதுகிலேயே சுட்டுவைப்பான். டாக்மீட் என்ற நாய் மின்வேலிகளில் போய் விழுந்து சாகும். நிரலின் குறை என்று சொல்லலாம். ஆனாலும் அந்த நாயைக் காப்பாற்றப் பட்ட பாட்டை இன்னமும் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. கட்டளைக்கு அடங்காதது என்பதாலேயே அது நினைவில் நின்றது.

பால்டர்ஸ் கேட் காலம்

1998இல் வந்த, கனடாவின் பயோவேர் உருவாக்கிய பால்டர்ஸ் கேட்டில் 25 துணைகள். ஒரு நேரத்தில் நாயகனோடு ஐந்து பேர்தான் வரலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதம். ஜஹீராவும் அவள் கணவன் காலித்தும் சேர்ந்தேதான் வருவார்கள். மின்ஸ்க் தன் தோழி டைனஹெய்ரை மீட்கச் சொல்வான், இழுத்தடித்தால் பொறுக்கமாட்டான். எட்வினோ அதே டைனஹெய்ரைக் கொல்லச் சொல்வான். உங்கள் நற்பெயர் ஏறினால் தீயவர்கள் கழன்றுகொள்வார்கள், இறங்கினால் நல்லவர்கள். எல்லாரையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது.

2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் 25 பேர் 16 ஆனார்கள். ஆள் குறைந்து பேச்சு கூடியது. காதல் வந்தது. துணைகள் தங்களுக்குள்ளேயே வம்பு பேசினார்கள். கெல்டார்ன் என்ற அறவீரனையும் விகோனியா என்ற இருட்குலப் பெண்ணையும் ஒரே குழுவில் வைத்தால் கடைசியில் கத்தியை உருவிக்கொள்வார்கள். கழற்றிவிடப்பட்ட சிலர் தங்கள் இடத்துக்கே திரும்பிப் போய்விடுவார்கள், வேண்டுமென்றால் நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். அதாவது நாயகன் இல்லாத நேரத்திலும் அவர்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவே 1999இல் பிளேன்ஸ்கேப்: டார்மென்ட். அதில் ஏழு துணைகள். சாகாத, பழசெல்லாம் மறந்த நாயகன். அவனோடு வரும் டக்கான் என்ற முதியவர் நட்புக்காக வரவில்லை. நாயகன் தன் முற்பிறவி ஒன்றில், அவர் நிலைகுலைந்திருந்த நேரம் பார்த்து ஒரு வாக்குறுதியில் சிக்கவைத்துவிட்டான். 'முடியாது' என்று சொல்ல முடியாத துணை எவ்வளவு பெரிய பாவம் என்பதையே கதையாக்கிய விளையாட்டு அது. அதன் பிறகும் எத்தனையோ விளையாட்டுகள் துணைகளை நாயகனோடு கட்டிப்போட்டன. கட்டிப்போட்டது யார் என்ற கேள்வியை இந்த அளவுக்குத் துருவியவை குறைவு.

எண்ணாக மாறிய நட்பு

2004இல் ஸ்டார் வார்ஸ் உலகில் நடக்கும் நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் இரண்டாம் பாகத்தில், துணைகளிடம் உங்களுக்குள்ள செல்வாக்கு ஒரு கணக்காக வந்தது. அதில் கிரேயா என்ற கிழவி இருக்கிறாள். பிச்சைக்காரனுக்குக் காசு கொடுத்தால், அதனால் அவனுக்கு என்ன கேடு வரும் என்று காட்டித் திட்டுவாள். விரட்டினாலும் திட்டுவாள். அவளைத் திருப்திப்படுத்துவது லேசில்லை. அதனால்தான் அவள் பேச்சு காதில் நிற்கிறது.

2009இல் டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ். இங்கே ஒவ்வொரு துணைக்கும் ஓர் அளவுகோல், கழித்தல் 100 முதல் கூட்டல் 100 வரை. நீங்கள் பேசுவதைப் பொறுத்து ஏறும், இறங்கும். கூடவே பரிசுப் பொருள்கள். மோரிகனுக்கு நகை பிடிக்கும், அலிஸ்டருக்கு அவன் அம்மாவின் பதக்கம். கொடுத்தால் எண் ஏறும். ஒரே ஆளுக்கு மேலும் மேலும் கொடுத்தால் பலன் குறைந்துகொண்டே வரும் என்பதுவரை கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அதே விளையாட்டில் எண்ணுக்கு அடங்காத 'முடியாது'களும் இருக்கின்றன. தன் தலைவனின் சாவுக்குக் காரணமான லோகெய்னை நீங்கள் உயிரோடு விட்டால் அலிஸ்டர் போய்விடுவான், அதுவரை எவ்வளவு நெருக்கமாக இருந்திருந்தாலும் சரி. புனித அஸ்தியைக் களங்கப்படுத்தினால் சாந்தமான வின் பாட்டி உங்கள்மேலேயே பாய்வாள். ஆனால் ஆடுகிறவர் மனதில் பதிந்தது எண்தான். ஒருவன் கோபமாக இருக்கிறானா, இரண்டு பரிசைக் கொடு, சரியாகிவிடும். நட்பு என்பது கடையில் கணக்கு வைக்கிற மாதிரி ஆகிவிட்டது.

இதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். விஸார்ட்ரியில் ஓர் ஆளை உருவாக்கச் செலவே இல்லை. எல்லா வசனத்துக்கும் நடிகர் குரல் கொடுக்கிற காலத்தில், முகபாவம் வரை நடிப்பைப் பதிவு செய்கிற காலத்தில், ஒரு துணை என்பது பெரிய முதலீடு. அந்த ஆள் பாதிக் கதையில் கோபித்துக்கொண்டு போனால் போட்ட காசும் கூடவே போகிறது. எனவே போகாமல் பார்த்துக்கொள்ளவும், கோபத்தை ஆற்ற எளிய வழி வைக்கவும் தோன்றுவது இயல்புதான்.

பழனிமலைத் தலைவன்

இப்போது பேகன். பூண்டி இருப்பது பழனிமலையின் மேல்தட்டில், பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கமெல்லாம் தாண்டி. இந்த மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள பழனிதான் அகநானூறு சொல்லும் பொதினி என்பார்கள் அறிஞர்கள். ஆவியர் குடியினரின் ஊர். அந்தக் குடியில் வந்தவன் வையாவிக் கோப்பெரும் பேகன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். எங்கள் பக்கத்துக் குளிருக்கு அது அவ்வளவு அதிசயமாகத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் சொல்லாத பாதி ஒன்று உண்டு. மயிலுக்கு இரங்கிய பேகன் தன் மனைவி கண்ணகியை விட்டுவிட்டு வேறொருத்தி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். (சிலப்பதிகாரக் கண்ணகி வேறு, இவள் வேறு.) புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள் இதைப் பற்றித்தான். பாடியவர்கள் நாலு பேர்: கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார்.

நாலு பேரும் அவன் கையால் வாங்கித் தின்ன வேண்டியவர்கள். புலவர் பாடுவார், வள்ளல் கொடுப்பார், அதுதான் ஏற்பாடு. ஆனால் இங்கே நடப்பதைப் பாருங்கள். கபிலர் நேராகக் குற்றம் சாட்டவில்லை. நேற்று உன் வாசலில் பாடியபோது ஒரு பெண் குழல் அழுவதுபோல அழுதாளே, யார் அவள், பாவம், என்று கேட்கிறார். பரணர் ஒரு பாட்டில் அவளையே பேசவைக்கிறார். நீங்கள் அவனுக்கு உறவா என்று கேட்டால், இல்லை, அவன் என்னைப் போன்ற இன்னொருத்தியிடம் போகிறானாம் என்கிறாள். அடுத்த பாட்டில் பரணர், நாங்கள் பசித்து வரவில்லை, எங்களுக்குச் சுற்றத்தாரைத் தாங்கும் சுமையும் இல்லை, நாங்கள் கேட்கிற பரிசில் ஒன்றுதான், இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர் என்கிறார். அரிசில்கிழார் இன்னும் ஒரு படி மேலே. உன் நகையும் செல்வமும் இருக்கட்டும், கொடுக்க மனமிருந்தால் குதிரைகளைத் தேரில் பூட்டு என்கிறார். பெருங்குன்றூர்கிழாரும் அதையே பரிசிலாகக் கேட்கிறார்.

டிராகன் ஏஜில் நாயகன் பரிசு கொடுக்கிறான், துணையின் மனக்கசப்பு குறைகிறது. இங்கே நாயகன் கொடுக்கத் தயாராக இருக்கிறான், துணைகள் வாங்க மறுக்கிறார்கள். மறுப்பதே அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். கொடை வள்ளல் என்ற பெயர்தான் பேகனின் பெருமை. வாங்க ஆளில்லாவிட்டால் அந்தப் பெருமைக்கு என்ன பொருள்?

எப்படி மறுக்க முடிந்தது? அவர்களுக்கு வேறு இடம் இருந்தது. கபிலருக்குப் பாரி இருந்தான். அரிசில்கிழார் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடியவர். பதிற்றுப்பத்தின் பதிகம் சொல்வதன்படி, அந்தச் சேரன் ஒன்பது லட்சம் பொற்காசும் அரியணையும் கொடுத்தபோது, அரியணையில் நீயே இருந்து ஆள் என்று திருப்பிக் கொடுத்து அமைச்சராக இருந்தவர். அப்படிப்பட்ட ஆளிடம் பரிசு கொடுத்து எண்ணை ஏற்ற முடியுமா? போக இடமில்லாதவன் தலையாட்டத்தான் வேண்டும். போக இடம் உள்ளவன்தான் தட்டிக்கேட்பான்.

தோழிக்குக் கதை கிடையாது

அகப்பாட்டின் தோழியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அவளுக்குத் தனிக் காதல் இல்லை, தனிக் கதை இல்லை, செவிலியின் மகள் என்பதைத் தாண்டி முன்கதை எதுவும் இல்லை. அகத்திணையில் யாருக்குமே பெயர் சொல்லக்கூடாது என்பதால் பெயரும் இல்லை. புதிய விளையாட்டுகளின் ரசிகர் பார்த்தால், என்ன தட்டையான பாத்திரம் என்பார்.

ஆனால் அவள் கையில் இருக்கிற அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. இரவில் வராதே என்று தலைவனைத் தடுப்பாள். சீக்கிரம் கல்யாணத்துக்கு வழி பண்ணு என்று நெருக்குவாள். வீட்டாரிடம் உண்மையைப் போட்டு உடைத்து அறத்தொடு நிற்பாள். பரத்தையிடம் போய்த் திரும்பி வந்தவனை வாசலில் மறித்து, உள்ளே விடமுடியாது என்பாள். தலைவனின் பாங்கனுக்கும் ஒரு வேலை உண்டு, இடித்துரைப்பது. அதற்குக் 'கழறல்' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். துணை என்றால் தட்டிக்கேட்பவர் என்பது இலக்கணத்திலேயே இருக்கிறது.

ஆக, கதை ஒன்று, அதிகாரம் ஒன்று. இரண்டும் வேறு வேறு. தோழிக்குக் கதை இல்லை, அதிகாரம் உண்டு. விஸார்ட்ரியின் ஆறு பேருக்கு இரண்டும் இல்லை. புதிய விளையாட்டுகளின் துணைகளுக்குக் கதை ஏராளம், அதிகாரம்தான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது

2023 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லேரியன் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3ஐ இந்த இரண்டு அளவுகோலாலும் பார்க்கலாம். கதை என்று பார்த்தால் அதற்கு முன் வந்தவை எதுவும் கிட்டே நிற்க முடியாது. ஷேடோஹார்ட், அஸ்டாரியன், கேல், கார்லாக் ஒவ்வொருவரும் தனி நாவல். நடிப்பும் அப்படி.

அதிகாரம்? கொஞ்சம் உண்டு. தோப்பில் அடைக்கலம் புகுந்தவர்களை நாயகன் கொன்றால் வில்லும் கார்லாக்கும் கூட நிற்கமாட்டார்கள். ஆனால் மற்ற நேரமெல்லாம், நீங்கள் ஒன்று செய்ததும் திரையின் ஓரத்தில் 'இவருக்குப் பிடித்தது, அவருக்குப் பிடிக்கவில்லை' என்று வரி ஓடுகிறது. அதைப் பார்த்துப் பார்த்து நாம் என்ன செய்கிறோம்? எது சரி என்று யோசிப்பதை விட்டுவிட்டு, யாருக்கு எது பிடிக்கும் என்று யோசிக்கிறோம். கூட வராதவர்கள் முகாமில் நின்று காத்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு நம் முகாமைத் தவிர வேறு போக்கிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

2019இல் எஸ்டோனியாவில் தொடங்கிய குழு ஒன்று கொண்டுவந்த டிஸ்கோ எலிசியம் இதற்கு நல்ல மாற்று. அங்கே குழு என்று சொல்ல ஒரே ஒரு துணை, கிம் கிட்சுராகி என்ற போலீஸ்காரர். அவர் மனதில் உங்களைப் பற்றி உள்ள மதிப்பை விளையாட்டு கணக்கு வைத்திருக்கிறது, ஆனால் எண்ணைத் திரையில் காட்டுவதில்லை. குடித்துவிட்டு உளறும் நாயகன் பக்கத்தில் அவர் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார். ஒரு சின்ன மௌனம், ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். அவருக்குப் போக வேறு காவல் நிலையம் இருக்கிறது, அவர் அந்த நிலையத்து ஆள். ஆடி முடித்தவர்களில் பலர் அவரிடம் நல்ல பெயர் வாங்கத்தான் ஒழுங்காக நடந்துகொண்டேன் என்பார்கள். பேகன் முன்னால் நின்ற கபிலர் மாதிரி, அவரும் பெரும்பாலும் குற்றம் சாட்டுவதில்லை, கேட்கிறார்.

எங்கள் பக்கம் இருட்டிய பிறகு யாரும் தனியாக நடக்க விரும்பமாட்டார்கள். காட்டுமாடு வழியில் நிற்கும். கூட ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்வோம், வழித்துணை. அவர் நம்மைப் பாராட்டிக்கொண்டே வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. "அந்தப் பக்கம் போகாதே, நில்லு" என்று சொல்வதற்குத்தான் அவர். விளையாட்டுக்காரர்கள் 40 ஆண்டுகளுக்கு மேலாகத் தேடுவதும் அந்தக் குரலைத்தான். சில சமயம் 1988இன் பழைய டிஸ்க்கில் அது கிடைத்திருக்கிறது, சில சமயம் கோடிகளைக் கொட்டியும் நழுவியிருக்கிறது. தமிழில் இப்படி ஒரு குழு விளையாட்டை யாராவது உருவாக்க நினைத்தால், துணைகளுக்கு முன்கதை எழுதுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இவர் எதை வாங்க மறுப்பார்? மறுத்துவிட்டு எங்கே போவார்?

பேகன் அன்றிரவு தேரேறினானா என்று அந்த ஐந்து பாட்டுகளும் சொல்லவில்லை. புலவர்கள் கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். முடிவு அவனுடையது.